மட்டக்களப்பு, அம்பாறைக்கு ஒரு தேடுபொறி: கூகுளுக்கு முன்னால் நிற்குமா?

கேள்வி: “நாங்கள் கல்முனையில் மூன்று பேர், கணினி படித்தவர்கள். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களுக்கென்று தமிழில் ஒரு தேடுபொறி செய்ய விரும்புகிறோம். கூகுள் இருக்கிற இடத்தில் சின்னத் தேடுபொறி நியாயமாகப் போட்டி போட முடியுமா? முடியுமென்றால் எங்கே தொடங்குவது?”

உலகம் முழுவதையும் தேடித் தரும் பொதுப் பொறியாக என்றால் முடியாது. கதிரவெளி தொடங்கிப் பாணமை வரையுள்ள மக்களின் கேள்விக்கு, அவர்கள் பேசும் சொல்லிலேயே விடை தரும் பொறியாக என்றால் முடியும். சில கேள்விகளில் கூகுளை முந்தவும் முடியும். இரண்டு பதிலுக்கும் வேர் ஒன்றுதான். ஆகவே களம் எந்தெந்த இடத்தில் சரிந்து கிடக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுங்கள்.

முதற் சரிவு வாசலில். கல்முனைக் கடையொன்றில் புது அண்ட்ராய்ட் போன் வாங்கிப் பெட்டியைப் பிரித்தால், முதல் திரையிலேயே கூகுளின் தேடற்பட்டை இருக்கும். வாங்கியவர் அதைத் தெரிவு செய்யவில்லை. மாற்றலாம் என்று யாரும் அவருக்குச் சொல்லவுமில்லை. அது காசு கொடுத்துப் பிடித்த இடம். அமெரிக்க நீதித் திணைக்களம் 2020 ஒக்டோபரில் தொடுத்த வழக்கில், கூகுள் தன் ஏகபோகத்தைச் சட்டத்துக்கு மாறாகக் காத்து வந்தது என்று நீதிபதி அமித் மேத்தா 2024 ஓகஸ்ட் 5இல் தீர்ப்பளித்தார். அந்த வழக்கில் வெளிவந்த கணக்கு இது: போன்களிலும் உலாவிகளிலும் முன்கூட்டியே அமைந்த தேடுபொறியாக இருப்பதற்காக 2021இல் மட்டும் கூகுள் கொடுத்தது 26.3 பில்லியன் டொலர். 2022இல் அப்பிளுக்கு மட்டும் 20 பில்லியன் டொலர். அமெரிக்கத் தேடல்களில் ஏறத்தாழப் பாதி, இப்படி ஒப்பந்தத்தால் கட்டப்பட்ட வாசல்கள் வழியாகவே நடந்தது. உங்கள் பொறி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அந்த வாசலால் போகிறவரின் கண்ணில் அது படாது.

இரண்டாவது சரிவு கிளிக்குகளில். ஒருவர் ஒன்றைத் தேடி, மூன்றாவது முடிவைத் தொட்டு, ஐந்து வினாடியில் திரும்பி வந்து, ஐந்தாவதைத் தொட்டு அங்கேயே நின்றுவிட்டால், அது பொறிக்கு ஒரு பாடம்: இந்தக் கேள்விக்கு ஐந்தாவதே நல்ல விடை. இப்படிப் பதின்மூன்று மாதப் பாடங்களைச் சேர்த்து வைத்து வரிசைப்படுத்தும் ‘நாவ்பூஸ்ட்’ என்ற பகுதி கூகுளுக்குள் இருப்பது அதே வழக்கில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. கூகுள் 13 மாதத்தில் சேர்க்கும் பாவனைத் தரவைச் சேர்க்க மைக்ரோசொஃப்டின் பிங் பொறிக்கு 17 ஆண்டுக்கு மேல் வேண்டும் என்கிறது தீர்ப்பு. இரண்டிலும் சேர்த்துக் கேட்கப்பட்ட 37 லட்சம் வெவ்வேறு தேடற்சொற்றொடர்களை ஒப்பிட்டபோது, 93 வீதம் கூகுள் மட்டுமே கண்டவை. பிங் மட்டும் கண்டவை 4.8 வீதம். எல்லாரும் கேட்கும் கேள்விக்கு எந்தப் பொறியும் ஓரளவு நன்றாகவே விடை சொல்லும். அரிதாகக் கேட்கப்படும் கேள்வியில்தான் பெரியவன் முந்துகிறான், ஏனென்றால் அந்த அரிய கேள்வியையும் அவன் ஏற்கெனவே பலமுறை பார்த்திருக்கிறான்.

உங்களுக்கான திறப்பும் இதே இடத்தில்தான் இருக்கிறது. ‘உன்னிச்சைக் குளம் வான்கதவு எப்போது திறப்பு’ என்று தமிழில் கேட்பவர்கள் எத்தனை பேர்? கூகுளுக்கும் இங்கே பாடம் குறைவு. கிளிக்கின் பலம் இல்லாத இடத்தில் மொழி அறிவும் ஊர் அறிவுமே வரிசையைத் தீர்மானிக்கும். அது உங்களிடம் இருக்கிறது.

மூன்றாவது சரிவைப் பலர் கவனிப்பதில்லை. பெரும்பாலான தளங்களில் ‘ரோபோட்ஸ்’ என்றொரு சின்னக் கோப்பு இருக்கும். எந்தப் பொறி உள்ளே வரலாம், எது வரக்கூடாது என்று அது சொல்லும். பல தளங்கள் கூகுளையும் பிங்கையும் பேர் சொல்லி அனுமதித்து, மற்ற எல்லாவற்றையும் மறிக்கின்றன. தளத்துக்கு முன்னால் காவல் நிற்கும் பாதுகாப்புச் சேவைகளும் பேர் தெரியாத ஊர்தியை (தளந்தளமாகப் போய்ப் பக்கங்களை எடுத்து வரும் நிரலை)த் தாக்குதல் என்று எண்ணித் தடுக்கும். பெரியவனுக்குத் திறக்கும் கதவு சின்னவனுக்குத் திறக்காதவரை ‘நல்ல பொறி செய்தால் மக்கள் வருவார்கள்’ என்ற பேச்சுக்கு அர்த்தம் இல்லை.

“அப்படியானால் பிங் ஊர்ந்து சேர்த்து வைத்த பக்கங்களின் அட்டவணையை வாடகைக்கு எடுத்து, மேலே எங்கள் முகப்பைப் போட்டால் என்ன?” என்று அடுத்துத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். டக்டக்கோ என்ற தேடுபொறி 2008 முதல் நிற்கிறது என்றாலும் அதன் வழமையான முடிவுகள் பெரும்பாலும் பிங்கிலிருந்து வருபவை. அவ்வளவு பெரிய ஒப்பந்தம் உங்களுக்குக் கிடைக்காது. சின்ன நிறுவனங்கள் எடுத்துக்கொண்டிருந்த பிங் தேடல் ஏபிஐயின் (முடிவுகளை வேறு மென்பொருளுக்குக் கொடுக்கும் வழியின்) விலையை மைக்ரோசொஃப்ட் 2023இல் பலமடங்கு ஏற்றியது; 2025 ஓகஸ்ட் 11இல் அதை முற்றாக மூடியது. அதன் மேல் வீடு கட்டியவர்களுக்கு அஸ்திவாரமே போனது. 2004இல் பிரித்தானியாவில் தொடங்கிய மோஜீக் இன்றும் சொந்தமாக ஊர்ந்து, சொந்தமாக அட்டவணை வைத்து வாழ்கிறது. பிரேவ் என்ற உலாவி நிறுவனம், கிளிக்ஸ் என்ற ஜெர்மன் பொறி 2020இல் மூடியபின் அதன் தொழில்நுட்பத்தை வாங்கி, 2021 ஜூனில் தன் தேடலைத் தொடங்கி, 2023இல் பிங்கை முற்றாக விட்டது. வாடகை வீட்டுக்காரருக்கும் சொந்தக் குடிசைக்காரருக்கும் உள்ள வித்தியாசம் இது.

சொந்த அட்டவணை இருந்தாலும் போதாது என்பதற்கு நீவா சாட்சி. கூகுளின் விளம்பரப் பிரிவைத் தலைமை தாங்கிய, சென்னை ஐஐடியில் படித்த ஸ்ரீதர் ராமசாமி 2019இல் தொடங்கிய பொறி அது. விளம்பரம் இல்லை, மாதச் சந்தா. பணமும் இருந்தது, உலகின் மிகச் சிறந்த பொறியியலாளர்களும் இருந்தார்கள். 2023 மேயில் மூடுவதாக அறிவித்தபோது அவர்கள் சொன்ன காரணம் உங்கள் மூவருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும்: சந்தா கட்டச் சொல்லிச் சம்மதிக்க வைப்பதைவிட, புதிய பொறியை ஒருதடவை தொட்டுப் பார்க்க வைப்பதே கடினமாக இருந்தது. அந்த வாசல் மறுபடியும்.

சட்டம் வாசலைத் திறந்து தராதா? தருகிறது, ஆனால் மெதுவாக. ஃபவுண்டெம் என்ற பிரித்தானிய விலை ஒப்பீட்டுத் தளம், கூகுள் தன் சொந்தக் கொள்வனவுச் சேவையை மேலே வைத்து எங்களைக் கீழே தள்ளுகிறது என்று முறையிட்டது. ஐரோப்பிய ஆணையம் 2010இல் விசாரணை தொடங்கி, 2017இல் 2.42 பில்லியன் யூரோ தண்டம் விதித்தது. இறுதி நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2024 செப்டெம்பரில். அதற்கு எட்டு ஆண்டு முன்னரே, 2016இல், ஃபவுண்டெம் மூடப்பட்டுவிட்டது. அண்ட்ராய்ட் போன்களில் கூகுள் தன் தேடலைத் திணித்தது பற்றிய வழக்குக்குப் பின் ஐரோப்பாவில் ‘எந்தத் தேடுபொறி வேண்டும்’ என்று கேட்கும் தெரிவுத் திரை வந்தது. 2020இல் அந்தத் திரையில் இடம் பெறுவதைக் கூகுள் ஏலத்துக்கு விட்டதால், நல்ல பொறியைவிட ஒரு பாவனையாளரிடமிருந்து அதிகம் சம்பாதிக்கும் பொறிக்கே இடம் கிடைத்தது. எதிர்ப்பு வலுத்தபின், 2021 செப்டெம்பரில்தான் ஏலம் நின்றது. தீர்ப்பு எழுதப்படுவது ஒன்று, அது திரையில் எப்படி அமைக்கப்படுகிறது என்பது வேறொன்று.

அமெரிக்க வழக்கில் 2025 செப்டெம்பரில் வந்த பரிகாரத் தீர்ப்பு, குரோமை விற்கச் சொல்லவில்லை. வாசலுக்குக் காசு கொடுப்பதையும் முற்றாகத் தடுக்கவில்லை. போட்டிப் பொறிகளை விலக்கி வைக்கும் ஒப்பந்தங்களைத் தடுத்தது. தகுதி பெற்ற போட்டியாளருக்கு அட்டவணை விவரத்திலும் பாவனைத் தரவிலும் ஒரு பகுதியைக் கொடுக்கச் சொன்னது. இந்தியப் போட்டி ஆணையம், சென்னையிலிருந்து இயங்கும் திருமணத் தளமொன்றும் ஒரு நுகர்வோர் அமைப்பும் 2012இல் கொடுத்த முறைப்பாட்டின்மீது 2018இல் ஏறத்தாழ 136 கோடி இந்திய ரூபாய் தண்டம் விதித்தது. இலங்கையில் போட்டிக்கு எதிரான நடைமுறைகளை விசாரிக்கும் அதிகாரம் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு இருக்கிறது. தேடற் சந்தைக்கெனத் தனி விதி கிடையாது. இவையெல்லாம் நல்லவை, தொடர வேண்டியவை. ஆனால் சட்டம் வந்து காப்பாற்றும் என்ற நம்பிக்கையில் வியாபாரத் திட்டம் எழுதாதீர்கள்.

கூகுளுக்கு முன்னால் உண்மையில் நின்று காட்டியவர்களைப் பாருங்கள்: தென்கொரியாவில் நேவர், செக் குடியரசில் செஸ்னாம், ரஷ்யாவில் யாண்டெக்ஸ். மூன்றும் மொழியைப் பிடித்தவை. ரஷ்ய மொழியும் செக் மொழியும் ஒரு சொல்லைப் பல உருவில் வளைப்பவை. அந்த வளைவை இந்தப் பொறிகள் தொடக்கத்திலேயே கற்றன. நேவர் இன்னொரு படி போனது. கொரிய மொழியில் தேடத் தக்க பக்கங்களே போதாமல் இருந்தபோது, 2002இல் மக்கள் கேட்க மக்களே விடை எழுதும் பகுதியைத் திறந்து, தேடுவதற்கான சரக்கைத் தானே விளைவித்தது. செஸ்னாமின் கதையில் எச்சரிக்கையும் இருக்கிறது: கணினியில் முன்னின்ற பொறி, அண்ட்ராய்ட் போன் பரவியபோது இடம் இழந்தது.

இனி எங்கள் மாவட்டங்களுக்கு வருவோம். கூகுள் தமிழில் பார்க்கும் பாவனையில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து வருவது. ஆகவே இங்குள்ள சொல் அதற்கு அந்நியம். அக்கரைப்பற்றில் வேளாண்மை செய்பவர் ‘அறக்கொட்டியான்’ என்று தேடுவார். விவசாயத் திணைக்களத்தின் பிரசுரத்தில் அது ‘கபிலநிறத் தத்தி’. தமிழ்நாட்டுப் பக்கங்களில் ‘புகையான்’. மூன்றும் ஒரே பூச்சி. மூன்றையும் கட்டிப்போடாத பொறி, பயிர் எரிந்து கொண்டிருக்கும்போது அவருக்கு விடை தராது. இதேபோலத்தான் சாரதி அனுமதிப்பத்திரமும் ஓட்டுநர் உரிமமும், பாடசாலையும் பள்ளிக்கூடமும். ‘வேளாண்மை’ என்ற சொல்லே இங்கு வயலில் நிற்கும் நெற்பயிரையும் குறிக்கும். ‘திருக்கோவில் பஸ் நேரம்’ என்று தேடினால் ஊரைக் காட்டாமல் தமிழ்நாட்டுக் கோயில்களைக் காட்டுவதற்கும் இதுவே காரணம்.

ஊர்தியிலிருந்து தொடங்குங்கள். விதைப் பட்டியல், அதாவது ஊர்தி முதலில் போக வேண்டிய தளங்களின் பட்டியல், கையால் செய்ய வேண்டியது: மட்டக்களப்பின் 14, அம்பாறையின் 20 பிரதேச செயலகங்கள், இரண்டு மாவட்டச் செயலகங்கள், உள்ளூராட்சிச் சபைகள், மாகாணத் திணைக்களங்கள், வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் உள்ள இரண்டு பல்கலைக்கழகங்கள், கல்வி வலயங்கள், வைத்தியசாலைகள், ஊர்ச் செய்தித் தளங்கள், பழைய வலைப்பூக்கள், நூலகம் மின்னூலகம், தமிழ் விக்கிப்பீடியா. ஒரு தளத்துக்கு ஐந்து வினாடிக்கு ஒரு பக்கம் என்று கேளுங்கள். ஒரு நாளைக்கு 17,280 பக்கம் வரும், அதற்கு மேல் வேண்டாம். பலவீனமான சேர்வரில் இயங்கும் சபைத் தளத்தை வினாடிக்குப் பத்துத் தடவை தட்டினால் அது விழும். அடுத்த நாள் உங்களை மறிப்பார்கள், அவர்கள் செய்வதும் சரி. உங்கள் ஊர்திக்கு ஒரு பேர் வைத்து, அது என்ன செய்கிறது, யாரைத் தொடர்புகொள்ளலாம் என்று ஒரு பக்கம் எழுதி, மறிக்கும் தளங்களுக்கு மரியாதையாக ஒரு கடிதம் அனுப்புங்கள். ஊர்த் தளம் நடத்துபவர்கள் ஊர்க்காரர்கள், பேசினால் திறப்பார்கள். கூகுளுக்கு இல்லாத வசதி இது.

கொமன் குரோல் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு அவ்வப்போது ஊர்ந்து, ஒவ்வொரு தடவையும் இருநூறு கோடிக்கு மேற்பட்ட பக்கங்களை இலவசமாக வெளியிடுகிறது. அதில் தமிழ் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதைச் சலித்து இலங்கைத் தமிழ்த் தளங்களின் பட்டியலை எடுக்கலாம். புதுச் செய்திக்கு அதை நம்ப முடியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தொடக்கத்துக்கு 5 லட்சம் பக்கம் என்று வைப்போம். பக்கத்துக்கு 3,000 குறியீடு, தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யூனிகோட் (யூடிஎஃப்-8) சேமிப்பில் 3 பைட். ஆக 9 கிலோபைட். மொத்தம் 4.5 ஜிகாபைட் எழுத்து. சுருக்கிய மூலப் பக்கங்களும் சேர்ந்தால் 20 ஜிகாபைட்டுக்குள் அடங்கும். 16 ஜிகாபைட் நினைவகமும் 500 ஜிகாபைட் எஸ்எஸ்டியும் உள்ள ஒரே இயந்திரம் போதும். கூகுளின் அட்டவணையில் 2020இல் ஏறத்தாழ 40,000 கோடி ஆவணங்கள் இருந்ததாக வழக்கில் சொல்லப்பட்டது. அந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதில் உங்கள் இரண்டு மாவட்டத்துக்கு வேண்டியது ஒரு கைப்பிடிதான்.

அடுத்தது பாமினி. இதில்தான் உங்கள் உழைப்பின் பெரும்பங்கு போகும், போக வேண்டும். இலங்கையில் பல ஆண்டுகளாகத் தமிழ்ச் சுற்றறிக்கைகளும் படிவங்களும் பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டவை. கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு அது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை. யாரும் அதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு கோப்பு பாமினியா என்று இனங்காணும் வழி சுலபம்: பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளி விசையில் இருப்பதால், சொல்லுக்கு நடுவே அரைப்புள்ளி அடிக்கடி வந்தால் அது பாமினி. யூனிகோடுக்கு மாற்றும்போது இரண்டு இடத்தில் பிழை வரும். பாமினியில் கொம்பு முதலில், எழுத்து பிறகு. யூனிகோடில் எழுத்து முதலில். ஆகவே ‘கொ’ போன்ற மூன்று துண்டுச் சேர்க்கைகளை முதலில் மாற்றி, பிறகு இரண்டு துண்டு, கடைசியில் தனியெழுத்து என்று இறங்க வேண்டும். வரிசை மாறினால் கொம்பு அநாதையாக நிற்கும். மற்றது, ஆவணத்துக்குள் உண்மையான ஆங்கிலச் சொற்களும் இருக்கும். அவற்றையும் சேர்த்து மாற்றினால் அர்த்தமற்ற தமிழாகும். பிடிஎஃப் கோப்பில் ஒவ்வொரு துண்டுக்கும் எழுத்துருவின் பேர் பதிவாகியிருக்கும்; பாமினி என்றுள்ள துண்டை மட்டும் மாற்றுங்கள். ஸ்கேன் செய்த படமாக மட்டும் உள்ளவற்றை டெசரெக்ட் மென்பொருளால் வாசிக்கலாம்: அங்குலத்துக்கு 300 புள்ளித் துல்லியம், கறுப்பு வெள்ளை, சரிவை நிமிர்த்திய பின். ன, ண, ள மாறி வாசிக்கும். ஊர்ப்பெயர்ப் பட்டியலோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள்.

யூனிகோட் எழுத்திலும் சீர்படுத்தல் வேண்டும். ‘கொ’வை ஒரே குறியாகவும் தட்டலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் தட்டலாம், கண்ணுக்கு ஒன்று, பொறிக்கு இரண்டு. யூனிகோடின் நியமச் சீர்படுத்தல் இதைச் சரிசெய்துவிடும். ஆனால் ‘கௌரவம்’ என்பதை ள போட்டுக் ‘கெளரவம்’ என்று தட்டியிருந்தால் அது சரிசெய்யாது. அதற்கென்று ஒரு விதியைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் ‘வெளவால்’ சரியாகும், வேறு நல்ல சொற்கள் கெடும். அகராதியில் ஔகாரச் சொல் இருந்தால் மட்டும் மாற்றுங்கள். ‘ஸ்ரீ’க்கும் இரண்டு குறியீடு உண்டு, அதற்கு ஒரு வரி அட்டவணை போதும்.

சொல்லின் வேரை எடுப்பது அடுத்த வேலை. ‘மட்டக்களப்பிலிருந்து’, ‘மட்டக்களப்புக்கு’, ‘மட்டக்களப்பின்’ எல்லாம் ஒன்றாக வேண்டும். ஸ்னோபோல் தொகுப்பில் தமிழுக்கு வேர் எடுக்கும் நிரல் இலவசமாக இருக்கிறது, அதிலிருந்து தொடங்கலாம். ஆனால் வெறுமனே விகுதி வெட்டும் எந்த நிரலையும் அம்பாறையில் அப்படியே விடாதீர்கள். பொத்துவில், தம்பிலுவில், கோளாவில், திருக்கோவில்: இவற்றின் கடைசி ‘இல்’ வேற்றுமை உருபு என்று நினைத்து அது வெட்டிவிடும். பொத்துவில் ‘பொத்து’ ஆகும், திருக்கோவில் ‘திருக்கோ’ ஆகும். ஊர்ப்பெயர்களை வெட்டக்கூடாத சொற்களாக முதலிலேயே பூட்டி வையுங்கள். இரண்டு மாவட்டத்திலும் சேர்த்து ஏறத்தாழ 850 கிராம உத்தியோகத்தர் பிரிவுகள். அத்தனையையும், கூடவே குளம், வட்டை, சந்தி, பாலப் பெயர்களையும் எழுதுங்கள். ‘இறக்காமத்தில்’ என்பதில் ‘த்தில்’ போய் ‘ம்’ வர வேண்டும். ‘வாழைச்சேனைப் பாலம்’ என்பதில் ஒட்டி வந்த ‘ப்’ போக வேண்டும். எவ்வளவு கவனித்தாலும் வேர் எடுப்பதில் பிழை வரும், ஆகவே தட்டிய உருவையும் வேரையும் இரண்டையுமே அட்டவணையில் வைத்து, தட்டிய உருவுக்கு இருமடங்கு எடை கொடுங்கள்.

அறக்கொட்டியான் போன்ற இணைச்சொற்களை அட்டவணையில் கலக்காமல், தேடும் நேரத்தில் விரியுங்கள். மாற்றுச் சொல்லுக்கு 0.6 எடை. இல்லாவிட்டால் உள்ளூர்ச் சொல்லைத் தேடியவருக்குத் தமிழ்நாட்டுப் பக்கமே முதலில் வரும். எண்ணூறு இணை இருந்தால் தொடங்கலாம். சேர்க்க நல்ல இடம் அலுவலக மேசை இல்லை; கமநல சேவை நிலையமும், கடற்கரையில் தோணி இழுக்கும் இடமும், படிவம் நிரப்பிக் கொடுக்கும் கொமியூனிகேஷன் கடையும்தான். அம்பாறையின் உட்பகுதிக்குச் சிங்களத்தில் தட்டிய ஊர்ப்பெயரும், போனில் ஆங்கில எழுத்தால் தட்டும் தமிழும் கூட வர வேண்டும். ஊர்ப்பெயர்ப் பட்டியலில் அந்த உருவங்களையும் சேர்த்துவிட்டால் முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

வரிசைப்படுத்தலுக்குப் புதுமை எதுவும் வேண்டாம். இலவசத் தேடல் மென்பொருள்களான லூசீன் அல்லது ஓபன்சர்ச் தரும், பக்கம் கேள்விக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று அளக்கும் பிஎம்25 சூத்திரத்தை அதன் வழமையான 1.2, 0.75 என்ற அளவுகளோடு வைத்து, தலைப்பில் வந்த சொல்லுக்கு மூன்று மடங்கு, கேள்வியில் உள்ள ஊரும் பக்கத்தில் உள்ள ஊரும் ஒன்றானால் இரண்டு மடங்கு கொடுங்கள். இணைப்பு எண்ணிக்கையை நம்பாதீர்கள். எங்கள் ஊர்த் தளங்கள் ஒன்றையொன்று அரிதாகவே சுட்டுகின்றன. கவனம் வேண்டியது திகதியில். கார்த்திகை, மார்கழி மழையில் ‘வான்கதவு திறப்பு’ என்று தேடுபவருக்குப் போன வருட அறிவித்தல் முதலில் வந்தால் அது ஆபத்து. நீர், வெள்ளம், பாடசாலை விடுமுறை அறிவித்தல்கள் மூன்று நாளில் கீழே இறங்க வேண்டும். திகதி பெரிய எழுத்தில் தெரிய வேண்டும். கண்ணகி குளுத்திச் சடங்கைப் பற்றிய பழைய கட்டுரைக்கு அந்த விதி பொருந்தாது, அது பழையதாக இருப்பதே நல்லது. செய்தித் தளங்களை அரை மணிக்கு ஒருமுறை, அரச தளங்களை நாளுக்கு ஒருமுறை, பழைய வலைப்பூவை மாதம் ஒருமுறை பாருங்கள்.

ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. ஊர்ச் செய்தியில் பெரும்பங்கு பேஸ்புக்கிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் கிடக்கிறது; உள்நுழைவுக்குப் பின்னால் இருப்பதை எந்த ஊர்தியும் முறையாக எடுக்க முடியாது. நேவர் செய்ததைத்தான் செய்ய வேண்டும். பள்ளிவாசல், கோயில், மீனவர் சங்கம், விளையாட்டுக் கழகம் ஆகியவை தங்கள் அறிவித்தலை இரண்டு நிமிடத்தில் இடக்கூடிய ஒரு எளிய பக்கம் கொடுங்கள். மருந்தக இரவு முறை, கடைசி பஸ், கடற்கரைக் காற்று எச்சரிக்கை எல்லாம் அப்படித்தான் தேடத்தக்கதாகும்.

வெளியிடுமுன் சோதியுங்கள். கொமியூனிகேஷன் கடைகளிலும் நூலகங்களிலும் மக்கள் உண்மையாகக் கேட்ட 200 கேள்விகளைச் சேர்த்து, உங்கள் முடிவையும் கூகுள் முடிவையும் பேர் மறைத்துப் பக்கத்தில் பக்கம் வைத்து, பொறியில் கை வைக்காத இரண்டு பேரிடம் 0 முதல் 3 வரை புள்ளி போடச் சொல்லுங்கள். 120 கேள்வியில் உங்கள் பக்கம் முந்தாவிட்டால் திறக்காதீர்கள். முதல் நாள் வந்து ஏமாந்தவர் இரண்டாம் நாள் வரமாட்டார். மாவட்டத்துக்கு வெளியேயான கேள்வி வந்தால் சமாளிக்க முயலாமல், ‘இதைக் கூகுளில் தேட’, ‘டக்டக்கோவில் தேட’ என்று ஒரே தொடுகையில் அனுப்பிவிடுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பொறியை மக்கள் நம்புவார்கள்.

வாசலுக்கு வருகிறேன். செயலி வேண்டாம், அதன் கடையும் போட்டியாளருடையது, தரவிறக்க டேட்டாவும் போகும். 50 கிலோபைட்டுக்குள் திறக்கும் பக்கம், அதை முகப்புத் திரையில் சேர்க்கும் வழியைக் காட்டும் ஒரு படம். கொமியூனிகேஷன் கடை, பஸ் நிலையம், நூலகம், கமநல நிலையம் என்று 300 இடத்தில் கியூஆர் குறி அச்சிட்ட ஒட்டுத்தாள். இரண்டு மாவட்டத்திலும் 2012 கணக்கெடுப்பில் பன்னிரண்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள். கால்நடையாகவே எட்டக்கூடிய சந்தை இது. 26 பில்லியன் டொலரால் வாங்க முடியாத ஒரே வாசல், கடைக்காரர் “இதில பாருங்கோ” என்று சொல்லும் வாசல்தான்.

சேர்வர் வாடகை, நகல் பிரதி, பெயர்ப் பதிவு எல்லாம் சேர்த்து மாதம் 25,000 ரூபாய்க்குள் முடிக்கலாம். பெரிய செலவு, தினமும் விடையில்லாத கேள்விகளைப் பார்த்துத் திருத்தும் ஒரு ஆளின் சம்பளம், அதைக் குறைக்காதீர்கள். நாற்பது கடை மாதம் 3,000 ரூபாய் கொடுத்தால் 1,20,000. அந்தக் காசுக்கு ‘விளம்பரம்’ என்று எழுதிய தனிப் பெட்டி மட்டும் கொடுங்கள். முடிவு வரிசையில் ஓரிடமும் விற்காதீர்கள். காசு தந்த மருந்தகத்தை மேலே வைத்தால், ஃபவுண்டெம் கூகுள்மேல் சொன்ன அதே குற்றத்தை நீங்கள் காத்தான்குடியில் செய்கிறீர்கள்.

தேடற் பதிவுகளில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். 2006இல் ஏஓஎல் நிறுவனம் ஏறத்தாழ 6.5 லட்சம் பேரின் தேடல்களைப் பெயர் நீக்கி வெளியிட்டது; தேடிய சொற்களை வைத்தே ஒருவரைப் பத்திரிகையாளர்கள் அடையாளம் கண்டார்கள். சின்ன ஊரில் அது இன்னும் சுலபம்: ஒரு கிராமத்துப் பேரும் ஒரு நோயின் பேரும் சேர்ந்தால் ஆள் தெரிந்துவிடும். ஐபி முகவரியைச் சேமிக்காதீர்கள். கிளிக் பதிவை 30 நாளில் அழியுங்கள். விடையில்லாத கேள்விகளில் எண்ணையும் ஆட்பெயரையும் நீக்கி, பார்த்த அன்றே அழியுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் மூவரும் ஒருமுறை முழுதாக வாசியுங்கள்.

வேலையைப் பங்கிட்டால் இப்படி இருக்கும்: ஒருவருக்கு ஊர்தி, ஒருவருக்குப் பாமினி மாற்றி, மற்றவருக்கு ஊர்ப்பெயர்ப் பட்டியல். பாமினி மாற்றியை முடித்தவுடன் யாரும் எடுக்கத்தக்கதாக வெளியிட்டு, பிரதேச செயலகங்களுக்கு இலவசமாகக் கொடுங்கள்; பழைய சுற்றறிக்கைகளைக் கேட்டுப் பெற அதுவே நல்ல அறிமுகம். பட்டியல் எழுதுபவர் முதல் நாளே ‘வில்’லில் முடியும் ஊர்களை எழுதி முடித்துவிடட்டும்.